தீர்ப்பில் எந்த வரி சட்டம்?

2024 ஆகஸ்ட் 1. அன்று இரவுக்குள் என் கைப்பேசிக்கு ஒரே தீர்ப்பைப் பற்றி இரண்டு செய்திகள் வந்துவிட்டன. 'அருந்ததியர் உள் ஒதுக்கீடு செல்லும்' என்றது ஒன்று. 'பட்டியல் சாதியினருக்கும் கிரீமி லேயர், உச்ச நீதிமன்றம் உத்தரவு' என்றது இன்னொன்று. முதல் செய்தி சரி. இரண்டாவது தவறு. அதைப் பகிர்ந்தவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கிரீமி லேயர் என்றால் இட ஒதுக்கீடு பெறும் சாதிக்குள் ஏற்கெனவே முன்னேறிவிட்ட குடும்பங்கள்; அவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது பற்றிய பேச்சு தீர்ப்புக்குள் பக்கம் பக்கமாக இருந்தது. சரி, தீர்ப்பிலேயே எழுதியிருப்பது எப்படி உத்தரவு ஆகாமல் போகும்?

சட்டம் படிக்காதவர்களுக்கு இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. ஆனால் நம் வேலை, படிப்பு, நிலம், ஓட்டு எல்லாவற்றையும் தொடுகிற தீர்ப்புகள் வாராவாரம் வருகின்றன. அவற்றைப் படிக்க இந்த ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பஞ்சாயத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். ராத்திரி கட்டாமல் விட்ட மாடு ஒன்று பக்கத்து வயலில் இறங்கி நெல்லை மேய்ந்துவிட்டது. பெரியவர் சொல்கிறார்: "மாட்டைக் கட்டாம விட்டது உன் தப்பு. அதனால நஷ்டத்தை நீதான் கொடுக்கணும். இந்தக் காலத்துல யாருக்கும் மாடு வளர்க்கவே தெரியலை. என்னைக் கேட்டா, வயக்காரங்களும் வேலி போட்டுக்கணும்."

நஷ்டத்தைக் கொடு என்பது முடிவு. கட்டாமல் விட்டவர்தான் பொறுப்பு என்பது அந்த முடிவைத் தாங்கி நிற்கும் காரணம். மாடு வளர்ப்பு பற்றியும் வேலி பற்றியும் சொன்னது பேச்சோடு பேச்சாக வந்தது. அடுத்த மாதம் வேறொரு மாடு வேறொரு வயலில் இறங்கினால், "கட்டாம விட்டவங்கதான் கொடுக்கணும்னு அன்னைக்கே சொன்னீங்களே" என்று பழைய தீர்ப்பைக் காட்டிக் கேட்கலாம். "நீ வேலி போடலையே, அதனால உனக்கு நஷ்ட ஈடு கிடையாது" என்று வயல்காரரை மடக்க முடியாது. வேலி வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்கு யாரும் வழக்காடவில்லை, இரண்டு தரப்பும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அப்புறம், இந்த முறை மாட்டைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள், கயிற்றை எவனோ அறுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரணம் இங்கே ஒட்டாது. புதிதாக யோசிக்க வேண்டும்.

நீதிமன்றத் தீர்ப்பும் இப்படித்தான். முடிவைத் தாங்கும் காரணத்தை வழக்கறிஞர்கள் 'ரேஷியோ' என்பார்கள், 'ரேஷியோ டெசிடெண்டை' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். போகிற போக்கில் சொன்னவை 'ஓபிட்டர்', முழுப் பெயர் 'ஓபிட்டர் டிக்டா'. அரசியல் சாசனத்தின் 141ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. 'அறிவிக்கும் சட்டம்' என்றால் நீதிபதி எழுதிய எல்லா வரிகளும் என்று பொருள் இல்லை. கட்டுப்படுத்துவது ரேஷியோ.

எது ரேஷியோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூஜின் வாம்பா என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஒரு சோதனை சொன்னார். சந்தேகமான வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே தலைகீழாக்குங்கள். அப்போதும் வழக்கின் முடிவு மாறவில்லை என்றால் அந்த வரி ரேஷியோ இல்லை. 'வேலி போடத் தேவையில்லை' என்று பெரியவர் சொல்லியிருந்தாலும் மாட்டுக்காரர்தான் நஷ்டத்தைக் கொடுத்திருப்பார். 'கட்டாமல் விட்டவர் பொறுப்பில்லை' என்றால் முடிவே மாறிவிடும். எல்லா வழக்குக்கும் இந்தச் சோதனை பொருந்துவதில்லை. ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இதைவிட எளிய கருவி எனக்குத் தெரிந்து கிடையாது.

இப்போது ஆகஸ்ட் 1 தீர்ப்புக்கு வருவோம். வழக்கின் பெயர் பஞ்சாப் அரசு எதிர் தவிந்தர் சிங். இதைப் புரிந்துகொள்ள முதலில் 2004க்குப் போக வேண்டும். ஆந்திரப் பிரதேசம் பட்டியல் சாதிகளை நான்கு பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பங்கு கொடுத்து ஒரு சட்டம் போட்டிருந்தது. சின்னையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் இது: அரசியல் சாசனத்தின் 341ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கும் பட்டியலில் இடம்பெற்ற சாதிகள் எல்லாம் சேர்ந்து ஒரே வகுப்பு, அந்தப் பட்டியலில் கை வைக்க நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும், மாநிலம் அதைக் கூறு போடுவது பட்டியலைத் திருத்துவதற்குச் சமம்.

இந்த ஒரு காரணம் பஞ்சாபையும் தமிழ்நாட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பஞ்சாபில் 1975 முதல் பட்டியல் சாதி இடங்களில் பாதியை வால்மீகி, மஜபி சீக்கியர் ஆகிய இரு சமூகத்தாருக்கு முன்னுரிமையாகக் கொடுத்துவந்தார்கள். முதலில் அந்தச் சுற்றறிக்கையும், பிறகு அதே நோக்கத்தில் 2006இல் இயற்றிய சட்டத்தின் பிரிவும் உயர் நீதிமன்றத்தில் விழுந்தன. இரண்டு முறையும் காட்டப்பட்டது சின்னையா தீர்ப்புதான். தமிழ்நாட்டில் நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி 2009இல் அருந்ததியர் சட்டம் வந்தது. பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் அவர்களுக்கு. மாநிலப் பட்டியலில் உள்ள 76 சாதிகளில் சக்கிலியர், மாதாரி, பகடை, தோட்டி, மாதிகா, ஆதி ஆந்திரர், அருந்ததியர் என ஏழு பெயர்கள் இதன்கீழ் வருகின்றன. மலம் அள்ளும் வேலையும் சாக்கடைக்குள் இறங்கும் வேலையும் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டப்பட்டன என்று தெரிந்தவர்களுக்கு இந்த 3 சதவீதத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் மேலும் சின்னையா தீர்ப்பு கத்தியாகத் தொங்கியது. எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது.

இங்கே அமர்வின் அளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2020இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று, சின்னையா தீர்ப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்றது. ஆனால் தானே அதை மாற்றவில்லை. ஐந்து பேர் சொன்னதை இன்னொரு ஐந்து பேரால் நீக்க முடியாது, பெரிய அமர்வு வேண்டும். அதனால் விஷயம் ஏழு பேருக்குப் போனது. தீர்ப்பைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் 'எத்தனை நீதிபதிகள்?' என்று கேட்பது நல்ல பழக்கம். இரண்டு பேர் சொன்னதற்கும் ஒன்பது பேர் சொன்னதற்கும் உள்ள எடை வேறு.

ஏழு பேர் முன்னால் இருந்த கேள்வி: இட ஒதுக்கீட்டுக்காகப் பட்டியல் சாதிகளுக்குள் மாநில அரசு உட்பிரிவு செய்யலாமா? சின்னையா சொன்னது சரியா? ஆறு பேர், உட்பிரிவு செய்யலாம், சின்னையா தவறு என்றார்கள். ஒருவர் மறுத்தார். அந்த ஆறு பேரும் சேர்ந்து நின்ற காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்: பட்டியலில் ஒரே பெயரின்கீழ் வந்ததால் எல்லாச் சாதிகளும் ஒரே நிலையில் இருப்பதாக ஆகிவிடாது. உள்ளே பின்தங்கியவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பது பட்டியலைத் திருத்துவதும் ஆகாது. கூடவே கடிவாளமும் போட்டார்கள். ஒரு சாதிக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்பதை மாநிலம் தரவுகளோடு காட்ட வேண்டும், அரசியல் லாபத்துக்காகச் செய்யக் கூடாது, நீதிமன்றம் அதைச் சோதித்துப் பார்க்கும்.

அதுதான் ரேஷியோ. வாம்பா சோதனையைப் போட்டுப் பாருங்கள். 'பட்டியல் சாதிகள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பவை' என்று மாற்றினால் பஞ்சாப் சட்டம் மறுபடி விழும்.

கிரீமி லேயர் எங்கிருந்து வந்தது? 565 பக்கத் தீர்ப்பில் ஆறு தனித்தனி எழுத்துகள் இருக்கின்றன. தலைமை நீதிபதி சந்திரசூட் தனக்கும் நீதிபதி மனோஜ் மிஸ்ராவுக்குமாக எழுதினார். மற்ற ஐந்து பேரும் தனித்தனியாக எழுதினார்கள். அதில் நீதிபதி கவாய், பட்டியல் சாதிகளிலும் பழங்குடிகளிலும் முன்னேறிவிட்ட குடும்பங்களை இனம் கண்டு விலக்க மாநிலங்கள் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று எழுதினார். விக்ரம் நாத், பங்கஜ் மித்தல், சதீஷ் சந்திர சர்மா ஆகிய மூவரும் அந்தக் கருத்தின் பக்கம் நின்றார்கள்.

ஏழில் நான்கு பேர். கணக்குப்படி பெரும்பான்மை. அதனால்தான் அந்தத் தலைப்புகள் வந்தன, வழக்கறிஞர்களிலும் சிலர் இது கட்டுப்படுத்தும் என்று வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் சரியாகப் படவில்லை. எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதற்கு முன்னால், யாராவது அதைக் கேட்டார்களா என்று பார்க்க வேண்டும். பஞ்சாப் சட்டத்தில் கிரீமி லேயரே கிடையாது. ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து விலக்கலாமா என்பது ஏழு பேருக்கு அனுப்பப்பட்ட கேள்வியிலும் இல்லை. 'கிரீமி லேயர் கூடாது' என்று அந்த நான்கு பேரும் எழுதியிருந்தாலும் பஞ்சாப் சட்டம் பிழைத்திருக்கும், அருந்ததியர் சட்டமும் பிழைத்திருக்கும். உட்பிரிவு சாதிக்கும் சாதிக்கும் இடையிலான பங்கீடு, கிரீமி லேயர் ஒரே சாதிக்குள் குடும்பத்தை வடிகட்டுவது. இரண்டும் வேறு வேறு.

இந்த விவாதத்துக்கு முன்கதையும் உண்டு. 1992இல் மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் பிற்படுத்தப்பட்டோருக்குக் கிரீமி லேயரைக் கொண்டுவந்தபோது, பெரும்பான்மைத் தரப்பின் முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜீவன் ரெட்டி, இந்தப் பேச்சுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிகளுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவாகவே குறிப்பிட்டார். 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில், பதவி உயர்வு பற்றிய இடத்தில், ஐந்து நீதிபதிகள் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தார்கள். ஆகவே நாளைக்கு இதே கேள்வி நேரடியாக ஒரு வழக்கில் எழுந்தால், தவிந்தர் சிங்கில் நான்கு பேர் எழுதியதை எடுத்துக்காட்டி யாராவது கட்டாயம் வாதாடுவார்கள். ஓபிட்டர் என்றால் குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் ஓபிட்டரை உயர் நீதிமன்றங்கள் மிகுந்த மரியாதையோடுதான் பார்க்கும். நீதிபதிகளின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி மத்திய அமைச்சரவை, பட்டியல் சாதி, பழங்குடி இட ஒதுக்கீட்டில் கிரீமி லேயருக்கு அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று அறிவித்தது. அந்த நான்கு பேர் எழுதியது கட்டளையாக இருந்திருந்தால் இப்படிச் சொல்லிவிட்டு நகர முடியாது. ஆகஸ்ட் 21 அன்று பாரத் பந்த் நடந்தது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒருவர், கிரீமி லேயரை நடைமுறைப்படுத்த உத்தரவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்கே வந்தார். வழக்கு போய் நின்றதும் நீதிபதி கவாய் முன்னால்தான். நாங்கள் எங்கள் கருத்தைச் சொல்லியிருக்கிறோம், முடிவெடுக்க வேண்டியது சட்டமன்றமும் அரசாங்கமும்தான் என்று அமர்வு மனுவை ஏற்க மறுத்துவிட்டது. எழுதியவரே தான் எழுதியதைக் கருத்து என்றார்.

ரேஷியோ பக்கம் வேலை வேகமாக நடந்தது. தெலங்கானாவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஷமீம் அக்தர் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். 59 சாதிகளை மூன்று தொகுதிகளாக்கி, 15 சதவீதத்தை 1, 9, 5 என்று பிரித்தார்கள். 2025 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளன்று, அது நடைமுறைக்கு வந்தது. ஒரே தீர்ப்புதான். ஒரு பகுதி வருடத்துக்குள் அரசிதழில் ஏறியது, இன்னொரு பகுதி விவாதமாகவே நிற்கிறது.

கேட்டதெல்லாம் தீர்ப்பு இல்லை

ஓபிட்டராவது தீர்ப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது: விசாரணையின்போது நீதிபதி வாயால் சொல்வது. 'நீதிமன்றம் சரமாரிக் கேள்வி', 'நீதிபதிகள் காட்டம்' என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையின்போது, கரூரில் வாக்கு எண்ணிக்கைக்கான பாதுகாப்பு ஏற்பாடு பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தேர்தல் பிரசாரத்தில் கூட்டம் கூடியதைக் கட்டுப்படுத்தாத தேர்தல் ஆணையத்தின் மேல் கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்கு அமர்வு கோபப்பட்டது. நாடு முழுக்க அது தலைப்புச் செய்தி. ஆனால் எழுத்தில் வந்த உத்தரவில் அந்த வார்த்தை இல்லை. தேர்தல் ஆணையம் அதை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சொற்கள் கடுமையானவை, உவமை பொருத்தமில்லாதது என்று 2021 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் உத்தரவிலேயே இல்லாததை எங்கிருந்து நீக்குவது? அதே தீர்ப்பில், விசாரணையில் நீதிபதிகள் பேசுவதை ஊடகங்கள் வெளியிடத் தடை போட முடியாது என்றும் சொன்னது. அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும். வாதத்தைச் சோதித்துப் பார்க்க நீதிபதி கேட்கும் கேள்வியை முடிவென்று எடுத்துக்கொள்ளாமல் இருப்பது வாசகர்களாகிய நம் பொறுப்பு.

இன்னொரு வகை, குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின்கீழ் கேட்கும் கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றம் சொல்லும் பதில். தமிழ்நாட்டு ஆளுநர் விவகாரத்தில் இது பலரைக் குழப்பியது. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும், ஆளுநர் நிறுத்திவைத்திருந்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தார்கள். ஆளுநர் முடிவெடுக்கக் கால வரம்பும் வைத்தார்கள். அது மாநில அரசு தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு. மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் அப்படிக் கால வரம்பு வைக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறைக்கும் இடமில்லை என்றார்கள். அதே சமயம், ஆளுநர் காரணம் இல்லாமல் காலவரையறையின்றி உட்கார்ந்திருந்தால் முடிவெடுக்கச் சொல்லும் அளவுக்கு நீதிமன்றம் தலையிடலாம் என்றும் சொன்னார்கள். ஐந்து பேரின் கருத்துக்கு எடை அதிகம், இனி வரும் வழக்குகளில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனாலும் அது கேள்விக்குச் சொன்ன பதில். ஏப்ரல் தீர்ப்பின் மேல் நடந்த மேல்முறையீடு கிடையாது.

மாறுபட்ட குரல்

தவிந்தர் சிங்கில் தனித்து நின்றவர் நீதிபதி பேலா திரிவேதி. பட்டியலில் மாநிலங்கள் எந்த வழியிலும் கை வைக்கக் கூடாது, சின்னையா சரிதான் என்று எழுதினார். சின்னையாவைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிய விதமே தவறு என்றும் சொன்னார். அவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அதைப் படித்துவிட்டுத்தான் பெரும்பான்மைத் தரப்பைப் பாராட்ட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தத் தரப்பின் வாதத்தில் எங்கே இடைவெளி இருக்கலாம் என்பதை அவர்தான் காட்டுகிறார்.

மாறுபட்ட தீர்ப்பு இன்றைக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், சிறையில் அடைக்கப்பட்டவர்கள் உயிருக்கும் சுதந்திரத்துக்கும்கூட நீதிமன்றத்தை நாட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவருக்கு வந்திருக்க வேண்டும், அவரைத் தாண்டி இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் ராஜினாமா செய்தார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்த 1976 தீர்ப்பைத் தூக்கி எறிந்தார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். அது தவறான தீர்ப்பு என்று 2017இல் எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.

படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு

தவிந்தர் சிங் தீர்ப்பின் எண் 2024 ஐஎன்எஸ்சி 562. உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நிறையத் தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் அங்கே உண்டு. புரிந்துகொள்ள அது போதும், வழக்காட ஆங்கில மூலம்தான் செல்லும். 565 பக்கத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். தொடக்கத்தில், நீதிமன்றம் தன் முன்னால் உள்ள கேள்விகள் எவை என்று சொல்லும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தலைமை நீதிபதி எழுதிய பகுதியின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள், முடிவுகள் வரிசையாக இருக்கும். நீங்கள் எழுதிவைத்த கேள்விகளுக்கு நேராக அவற்றைப் பொருத்துங்கள். அதற்குப் பிறகு நீதிபதி கவாய் எழுதியதைத் திறந்தால், கிரீமி லேயர் பற்றிய பத்திகளுக்கு நேராக உங்கள் தாளில் ஒரு கேள்வியும் இருக்காது.